வாலூராவின் தபால்பெட்டிகள்

மனித குலம் இதுவரை வரைந்த படங்களிலேயே மிகச் சிறந்தது மூன்று படுக்கையறை வீடொன்றின் தரைப்படம் என்றும், அதை வரைந்தவன் தானே என்றும் விக்னராஜா அறிவித்தபோது அவன் கையில் ஓர் ஆட்டு எலும்பு இருந்தது. பிளாக்டவுனில் பவளம் அன்ரி வீட்டுக் குசினி மேசையில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது இந்த அறிவிப்பு வெளியாயிற்று. சொன்னவன் சிரிக்கவில்லை. எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, மற்றவர்களும் சிரிக்காமல் இருக்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டான்.

"எல்லாப் படத்திலையுமோ தம்பி?" என்று பவளம் அன்ரி கேட்டாள்.

"எல்லாப் படத்திலையும்தான் அன்ரி. மற்றவன் கீறின படத்தைச் சுவரிலை கொழுவலாம். என்ரை படத்திலைதான் சுவரே இருக்கு. ஓவியன் ஒருத்தன்ரை படத்துக்குள்ளை போய் ஆரும் சோறு சமைச்சவையோ? என்ரை படத்துக்குள்ளை இப்ப நூற்றுக்கணக்கான குடும்பம் சமைக்குது."

"நல்லம். அதிலை சாமிப்படம் வைக்க எங்கை இடம் விட்டனீ?"

"அது பிளானிலை இல்லை. அரசாங்க வீடு அன்ரி."

"அப்ப உலகத்திலை சிறந்த படத்திலை சாமிக்கு இடமில்லை. சரி, சொதி விடட்டோ?"

மேசையின் மறுமுனையில் இருந்த சிவபாலன் முருங்கைக்காயைச் சப்பி முடித்தபின் வாய் திறந்தான். "அன்ரி, உவன் கீறேல்லை. முந்தியே ஆரோ கீறி வைச்சிருந்த படத்தை அடியிலை இருந்து மில்லிமீற்றருக்கு மாத்தினவன். அவ்வளவுதான்."

அது உண்மைதான். ஆனால் உண்மையை இப்படி நறுக்கென்று சொன்னால் அதில் பாதி செத்துப்போகும் என்பது விக்னராஜாவின் கட்சி. ஆஸ்திரேலியா அடியையும் அங்குலத்தையும் கைவிட்டு மீற்றருக்கு மாறிய நாட்களில், பரமட்டாவில் அரசாங்கத்துக்காக வீட்டு வரைபடம் தயாரிக்கும் ஓர் அலுவலகம் அவனை வேலைக்கு எடுத்தது. கொழும்பில் பொதுவேலைத் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்தவன். பழைய வீட்டுப் படத்தை அவன் முன்னால் விரித்து, எண்களை மாற்று என்றார்கள். ஒன்பது அடிச் சுவரைப் பெருக்கிப் பார்த்தால் 2743 வந்தது. 2743 என்பது ஓர் எண்ணா? அது கல்யாண வீட்டுக்குப் பறட்டைத் தலையோடு வந்தவன் மாதிரி. விக்னராஜா அதற்குத் தலை இழுத்துவிட்டு 2700 என்று எழுதினான். இப்படி வீடு முழுவதையும் சீவி முடித்துப் பார்த்தபோது எல்லா எண்ணும் இரண்டு பூச்சியத்தில் முடிந்தன. அதன் அழகில் அவனுக்குக் கண் கலங்கியது. அந்த வீடு அவனுடையதாயிற்று.

அதற்குப் பரிசாக அலுவலகம் கொடுத்த சிறிய முக்கோண அடிமட்டம் எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். வெள்ளை நிறம், மூன்று விளிம்பு, ஆறு விதமான அளவு. அதை வேறு யாரும் தொடக்கூடாது. சிவபாலன் ஒருமுறை அதனால் முதுகு சொறியப் போய், இரண்டு நாள் இருவருக்கும் பேச்சில்லை.

இருவரும் செவன் ஹில்ஸில் பைப்ரோத் தகடு அடித்த ஒரு வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சிவபாலன் அங்கே ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் டின்னுக்கு மூடி அடிப்பவன். கலவை பிழைத்துப்போன டின்களைத் தொழிலாளர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது அங்கே வழக்கம். ஆகவே அவர்கள் வீட்டில் கத்தரிக்காய் நிறத்தில் ஒன்றும், காய்ச்சல்காரனின் நாக்கு நிறத்தில் ஒன்றும், இன்னதென்று சொல்ல முடியாத நிறங்களில் பலவுமாக டின்கள் அடுக்கியிருந்தன. சிவபாலன் படம் கீறுவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சின்ன வயதில் பிஸ்கட் டின் மூடியைப் பார்த்துப் பழகியவன். பிஸ்கட் டின் மூடியில் குதிரை வண்டி உண்டு, குளம் உண்டு, தொப்பி போட்ட சீமாட்டி உண்டு. மனிதரின் கை அதில் கிட்டத்தில் தெரிவதில்லை. அதனால் அவனுக்குக் கை கீற வராது. குதிரையும் அப்படியொன்றும் வராது. மாடு மாதிரி இருக்கும். இதை யாராவது சுட்டிக்காட்டினால் அது மாடுதான் என்று சாதிப்பான்.

இப்படிப்பட்டவனைத்தான் வாலூரா டவுன்ஷிப் பள்ளிக்கூடம் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டது. வாலூரா, பிளாக்டவுனில் பஸ் ஏறிப் போனால், மரமெல்லாம் முடிந்தபின் வரும். அரசாங்கம் வெறும் புல்வெளியில் ஒரேயடியாகக் கட்டிய ஊர். வீடு இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, கடை இன்னும் வரவில்லை. பிள்ளைகளுக்கு வார இறுதியில் செய்ய ஒன்றுமில்லை என்பதால் ஆரம்பித்த வகுப்பு. சம்பளம் என்று ஒன்றுமில்லை; தலைமை ஆசிரியை பஸ் காசும் தேநீரும் கொடுத்தாள். சிவபாலன் அதற்காக வெள்ளிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டுக் கொழுவிவிடுவான்.

"பிஸ்கட் டின் யூனிவர்சிற்றியிலை படிச்ச புரொபெசர் வெளிக்கிட்டிட்டார்," என்பான் விக்னராஜா. "மச்சான், அடிமட்டம் இல்லாமல் கோடு போடுறது பிறேக் இல்லாமல் லொறி ஓட்டுற மாதிரி. நீ ஓட்டுறதும் காணாமல் சின்னப் பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு போறாய்."

அவன் கேலியிலும் நியாயம் இருந்தது. வாத்தியாருக்குக் கை வராததால் மாணவர்களுக்கும் கை வரவில்லை. வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த படங்களில் அப்பா, அம்மா, தபால்காரன், தலைமை ஆசிரியை எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். பார்த்தால் டவுன்ஷிப் முழுவதையும் பொலிஸ் பிடித்துவிட்டது போல இருந்தது.

வாலூராவில் இருந்த வீடெல்லாம் விக்னராஜாவின் வீடு. ஒரே முகம், ஒரே கூரை, ஒரே பச்சைத் தபால்பெட்டி. வகுப்பில் ட்ரேசி என்ற ஏழு வயதுப் பெண் இருந்தாள். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வேறு யாரோ வீட்டுக்குள் போய், பாணும் ஜாமும் சாப்பிட்டு, தொலைக்காட்சி பார்த்து, அந்த வீட்டுக்காரி வேலையால் வந்தபோது "நீங்கள் யார்?" என்று கேட்டவள். இது இரண்டாவது முறையும் நடந்தபின் சிவபாலன் அவளைக் கூட்டிப்போய் அவள் வீட்டுத் தபால்பெட்டியில் ஒரு வாத்தை வரைய வைத்தான். அதன்பிறகு ட்ரேசி வழி தவறவில்லை. மற்றப் பிள்ளைகள் விடுவார்களா? ஒரு மாதத்துக்குள் முதலை, ரயில், அன்னாசிப்பழம், கையைப் பின்னால் கட்டிய விண்வெளி வீரன் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன.

வந்த வேகத்தில் வீட்டு நம்பர்களெல்லாம் பெயின்றுக்கு அடியில் போய்விட்டன.

தபால்காரன் முறையிட்டான். முறைப்பாடு சுற்றிச் சுற்றி விக்னராஜாவின் மேலதிகாரி ஹாரிஸ் மேசைக்கு வந்தது. ஹாரிஸ் அவனை அழைத்தார். "அங்கே படம் சொல்லிக்கொடுக்கிற ஆள் உங்கள் ஊர்க்காரனாமே, தெரியுமா?" விக்னராஜா யோசித்தான். காலையில் அந்த ஊர்க்காரன்தான் குளியலறையை விட்டு வெளியே வராமல் இவனைப் பிந்த வைத்தவன். "முகப் பழக்கம் உண்டு," என்றான்.

"சனிக்கிழமை போய்ப் பார். தொல்லைதான் என்று நீ சொன்னால் எல்லாப் பெட்டிக்கும் பச்சை அடித்துவிட்டு, அந்த வகுப்பை நிறுத்தச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிவிடுகிறேன்."

அன்று பின்னேரம் விக்னராஜா விஷயத்தைச் சொன்னபோது சிவபாலனிடமிருந்து ஒரு பகிடிகூட வரவில்லை. "நீ என்ன சொல்லுவாய்?" என்று மட்டும் கேட்டான்.

"பாக்கிறதைச் சொல்லுவன்."

"எனக்கு டின்னுக்கு மூடி அடிக்கிறது வேலை, மச்சான். கிழமையிலை ஐந்து நாள் மூடி. சனிக்கிழமை ஒண்டுதான் திறக்கிறது."

 சிவபாலன் எழும்பிப் போய், அவர்கள் குடிவந்த நாள் முதல் முதல்தடவையாக, சிங்க்கில் பிடித்திருந்த பெயின்றைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தான். விக்னராஜா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். அவனுக்கு அது பிடிக்கவில்லை. லஞ்சம் என்றாலும் ஏதாவது பேச்சோடு கொடுத்திருக்கலாம்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து சிவபாலன் ட்ரேசி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பான். அங்கே வந்துவிடு என்று ஏற்பாடு. "வாத்து இருக்கிற வீடு," என்று சிவபாலன் சொல்லியிருந்தான்.

"வாத்தைப் பார்த்து வீடு கண்டுபிடிக்க நான் என்ன குள்ளநரியோ? மூலையிலை இருந்து எத்தினையாவது வீடு, அதைச் சொல்லு."

"நாலாவது."

நாலாவது வீட்டைக் கண்டுபிடிப்பது, அந்த வீட்டையே படைத்தவனுக்கு ஒரு வேலையா? பஸ்ஸால் இறங்கி, தெருவின் பெயரைப் பார்த்து, மூலையிலிருந்து எண்ணிக்கொண்டு நடந்தான். இருபக்கமும் அவனுடைய கூரைகள், அவனுடைய ஜன்னல்கள். தன் தோட்டத்தைப் பார்வையிடும் துரைபோல இருந்தது அவனுக்கு. தெரு பிறைபோல வளைந்து, புறப்பட்ட சாலைக்கே திரும்பி வரும் என்பதையும், ஆகையால் அதற்கு ஒரேமாதிரி இரண்டு மூலை உண்டு என்பதையும் அவன் கவனிக்கவில்லை. தபால்பெட்டிகளைக் கொள்கை காரணமாகப் பார்க்கவில்லை.

நாலாவது வீட்டுக்கு வந்ததும் பின்பக்கமாகப் போனான். தெரிந்த வீட்டுக்கு முன்வாசலால் போகிறவன் ஒன்றில் பொலிஸ், இல்லாவிட்டால் பாதிரி என்பது விக்னராஜா வளர்ந்த முறை. பவளம் அன்ரி வீட்டுக்கும் குசினி வாசலால்தான் போவான். படியில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். கதவைத் தள்ளினான். உள்ளே போய்க் கதிரையை இழுத்து உட்கார்ந்தான். வந்த களைப்புக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்போமென்று எழுந்து, கிளாஸ் வைக்கும் அலுமாரி எதுவென்று தெரிந்தவன் ஆகையால், அதைத் திறந்தான்.

"வீட்டு ஒப்பீஸா?" என்றது ஒரு குரல்.

உள்வாசலில் ஒரு பெரிய மனிதன் நின்றான். பனியன், அரைக்காற்சட்டை, இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குபவனின் கண். வீடு மாறிவிட்டது, மன்னியுங்கள் என்று சொல்ல ஆங்கிலத்தில் நான்கைந்து சொல் போதும். ஆனால் தன் வீட்டுக்குள்ளேயே தான் வழி தவறிவிட்டதாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வது? ட்ரேசிக்கு ஏழு வயது, அவள் சொல்லலாம்.

"ஓம். ஒப்பீஸ்," என்றான் விக்னராஜா, அலுமாரிக் கதவைத் தட்டிப் பார்த்து அதன் உறுதியைச் சோதித்தபடி.

"அப்பாடா! போன குளிர்காலத்தில் முறையிட்டது, இப்பதான் ஆள் வருது. நான் கெவின். இங்கே பார்." கெவின் பிரிட்ஜைத் திறந்தான். வெளியே போய், உள்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு மறுபடி வந்தான். கதவு பிரிட்ஜின் கதவில் படார் என்று இடித்து நின்றது. உள்ளேயிருந்த போத்தல்களெல்லாம் கிலுகிலுத்தன. "ஒருவர் பால் எடுத்தால் மற்றவர் குசினிக்குள் வர முடியாது. கிறிஸ்மஸ் அன்று என் மனைவி ஜெலியோடு நின்றாள். நான் வந்தேன். அந்த ஜெலியை நாங்கள் கடைசியில் கூரையில் பார்த்தோம்."

விக்னராஜா பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தான். அளக்கத் தேவையே இல்லை, பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஆனாலும் அளந்தான். இடைவெளி இரண்டு விரல் அகலம் போதாது. நாற்பத்துமூன்று மில்லிமீற்றர். பறட்டைத் தலை என்று அவன் சீவியெறிந்த அந்த நாற்பத்துமூன்று.

"எந்த மடையன் கீறினது இதை?" என்று கெவின் கேட்டான். கோபமாக அல்ல, அறியும் ஆவலில்.

"முதலில் இது ஒன்பது அடி இருந்தது," என்றான் விக்னராஜா.

"மிச்சத்தை யார் தின்றது?"

விக்னராஜா அடிமட்டத்தைப் பைக்குள் வைத்து, ஆவன செய்யப்படும் என்றான். கெவின் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, மரியாதையாக முன்வாசலால் வழியனுப்பி வைத்தான். அரசாங்க மனிதன் என்றால் அப்படித்தானே. தெரு வரை வந்து, கெவின் கதவைச் சாத்தும்வரை கூரையின் மழைநீர்ப் பீலியை ஆராய்வதுபோல அங்குமிங்கும் நடந்தபிறகுதான் கால் குளிர்ந்தது. குனிந்து பார்த்தான். காலுறையோடு நின்றான்.

சப்பாத்து பின்படியில். சரி, சுற்றிப்போய் எடுப்போம் என்று திரும்பினான். எந்த வீடு? மூன்று வீடு அக்கம்பக்கமாக, அச்சில் வார்த்ததுபோல, இவனையே பார்த்துக்கொண்டு நின்றன. மூன்றின் பெட்டியிலும் படமில்லை. நம்பரென்று ஒட்டியிருந்த தகரமும் எப்போதோ விழுந்துவிட்டது. ஒரு பின்வளவுக்குள் போனான். ஒரு நாய் அவனை வெளியே கொண்டுவந்து விட்டது. இன்னொன்றில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், வாயில் இருந்த கிளிப்பை எடுக்காமலே, "என்ன?" என்றாள். "பீலி," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

வளைவுக்கு அப்பாலிருந்து பிள்ளைகள் கூட்டமொன்று வந்தது. கையில் டின்கள், பிரஷ்கள். முன்னால் ட்ரேசி, பின்னால் சிவபாலன். வாத்து வீட்டில் காத்திருந்து களைத்துத் தேடி வந்திருந்தார்கள்.

சிவபாலன் அவன் காலைப் பார்த்தான். "எங்கை மச்சான் சப்பாத்து?"

"ஒரு வீட்டிலை விட்டிட்டன்."

"எந்த வீட்டிலை?"

விக்னராஜா கூரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ட்ரேசி முன்னால் வந்து, ஒரு டொக்டரின் பொறுமையோடு கேட்டாள்: "பெட்டியில் என்ன படம் இருந்தது?"

"படமில்லை."

"அப்படியென்றால் கஷ்டம்," என்றாள் ட்ரேசி. மற்றப் பிள்ளைகள் உச்சுக்கொட்டினார்கள்.

சிவபாலன் சிரிக்காமலிருக்க எடுத்த முயற்சியில் அவன் கழுத்து நரம்பு புடைத்தது. "உலகத்திலை சிறந்த படம். அதுக்குள்ளை துலைஞ்சு போனியோ?"

"வாயைப் பொத்தடா. நான் இண்டைக்கு இஞ்சை அதிகாரி."

"அதிகாரிக்குச் சொக்ஸிலை ஓட்டை."

அதற்குள் ஒரு முன்கதவு திறந்தது. கெவின் ஒரு கையில் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஒப்பீஸ் மனிதன் இதை விட்டுவிட்டான்," என்றான். பிள்ளைகள் கைதட்டினார்கள். கெவின் டின்களைப் பார்த்தான், ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்தான். "என் பெட்டிக்கும் ஏதாவது போடுங்கள். இரவெல்லாம் வேலை. பகல் முழுக்க அடுத்த வீட்டைத் தேடி வருகிறவன் எல்லாம் என் கதவைத் தட்டுகிறான். இப்போது தட்டாமலே உள்ளே வருகிறார்கள்."

சிவபாலனின் முகம் மலர்ந்தது. "குதிரை கீறட்டோ?"

"வேண்டாம்!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

விக்னராஜா மதிலில் உட்கார்ந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றைப் போட்டவன் மற்றதைப் போடாமல் மதிலில் வைத்தான். பிறகு சிவபாலனைப் பார்க்காமல் சொன்னான்: "நம்பர் இல்லாததாலைதான் தபால்காரன் முறையிட்டவன். படத்துக்குள்ளை நம்பரைப் பெரிசாய்ப் போட்டால் அவன் ஏன் பேசுறான்? அவன் பேசாட்டில் ஹாரிஸ் பேசமாட்டார்."

"நீ அப்பிடிச் சொல்லுவியோ?"

"எல்லாப் பெட்டியிலையும் நம்பர் இருக்கெண்டு சொல்லுவன். நான் பொய் சொல்ல மாட்டன், அது உனக்குத் தெரியும். அதாலை இண்டைக்கே எல்லாத்துக்கும் போடவேணும். குசினிச் சுவரைப் பற்றியும் ஒரு கதை இருக்கு. அதையும் சொல்லத்தான் வேணும்." கடைசியைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னான். "கொண்டா பிரஷை. நம்பர் மட்டும்தான். உங்கடை கோடுகளை நம்பேலாது."

கெவினின் நம்பர் பத்தொன்பது. விக்னராஜா பெட்டிக்கு முன்னால் குந்தினான். ஒரு பிள்ளை கத்தரிக்காய் நிற டின்னைத் திறந்து நீட்டியது. மேலே எண்ணெய் நின்றது. அடியில் நிறம் உறைந்திருந்தது. கலக்கக் குச்சி தேடினான். பக்கத்தில் ஒன்றுமில்லை. வாலூராவில் மரமே இல்லை, குச்சிக்கு எங்கே போவது? சட்டைப் பையைத் தொட்டான். சிவபாலன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் முக்கோண அடிமட்டத்தை எடுத்து டின்னுக்குள் விட்டு, ஆறு அளவும் மறையும்வரை நிதானமாகக் கலக்கினான்.

ஒன்று போட்டான். ஒன்பது போட்டான். இரண்டும் பச்சைத் தகரத்தில் அனாதையாக நின்றன. சுற்றிவர ஒரு கட்டம் போடலாம். அதற்கு நேர்கோடு வேண்டும், அதற்கு அடிமட்டம் வேண்டும், அடிமட்டம் டின்னுக்குள் நிற்கிறது. மதிலில் இருந்த மற்றச் சப்பாத்தைப் பார்த்தான். ஒன்பதின் அடியிலிருந்து ஒரு கோட்டை இழுத்தான். கோடு கொஞ்சம் நடுங்கிக் குதிக்கால்வரை போய், மேலே ஏறி, ஒன்றைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. மூக்குப்பக்கம் சற்று வீங்கிவிட்டது.

"சப்பாத்து!" என்றாள் ட்ரேசி. "மற்றது எங்கே?"

விக்னராஜா பெட்டியின் மறுபக்கத்துக்கு நகர்ந்து குந்தினான். சிவபாலன் ஏதோ சொல்ல வாயைத் திறந்துகொண்டு கிட்ட வந்தான்.

"வெளிச்சத்தை மறைக்காதை," என்றான் விக்னராஜா, பிரஷின் நுனியைக் கூராக்கி, சப்பாத்துக்கு நாடா போட ஆயத்தமாகிக்கொண்டே.